காலி வீட்டில் ஒரு கைதட்டல்

என் மச்சினன் மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, ஐயர் தட்சணை வாங்கிக்கொண்டு இறங்கியதும், காலி ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினேன். ‘டப்’ என்று முடிய வேண்டிய சத்தம் ‘டப்ர்ர்ங்’ என்று இழுத்துக்கொண்டே போனது. வந்திருந்த பெரியம்மா, “வீடு கணீர்னு பேசுதுடா” என்று சந்தோஷப்பட்டார். மச்சினனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “மாமா, ஹோம் தியேட்டருக்குன்னு ஒரு லட்சம் எடுத்து வச்சிருக்கேன். எந்த செட்டுன்னு சொல்லுங்க, நாளைக்கே போய் எடுத்துடலாம்” என்றான்.

“முதல்ல நல்ல ஸ்கிரீனா எடு மாப்ள” என்றேன்.

“எத்தனை இஞ்ச் மாமா?”

ஜன்னலுக்குப் போடுகிற ஸ்கிரீன் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

கிண்டலே இல்லை. டி.வி.யின் படம் நேராகக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. ஒலி அப்படி வருவதில்லை. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பியதில் கொஞ்சம் நேராக வரும். மிச்சமெல்லாம் தரையில் பட்டு, கூரையில் பட்டு, எதிர்ச்சுவரில் மோதி, பக்கத்துச் சுவரையும் தொட்டுவிட்டுத்தான் வரும். 10 அடி தள்ளி சோபாவில் இருப்பவர் காதில் விழுவதில் பாதிக்கு மேல் இப்படிச் சுற்றி வந்த ஒலிதான். கடையில் எந்த ஸ்பீக்கரை வாங்கினாலும் வீட்டில் அதோடு சேர்த்து நம் ஹாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே தலைவலி. புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் வாயைவிட்டுப் போனால் 5.5 வினாடி அறைக்குள்ளேயே சுற்றியது. அதற்குள் பேசுபவர் அடுத்த வாக்கியத்துக்கே போயிருப்பார். வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பை விட்டார்கள். அவர் செய்தது அறிவியலா திருட்டா என்று சந்தேகம் வரும். பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வருவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் முழுதும் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிப்பார். இன்னும் சில மெத்தை, இன்னொரு தடவை. விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடுவார். தான் போட்டிருந்த உடைகூடக் கணக்கை மாற்றுகிறது என்று தெரிந்த பிறகு, சோதனைக்கென்று எப்போதும் ஒரே உடையை மாட்டிக்கொண்டார்.

அந்த ராத்திரிகளின் விளைச்சல் ஒரே வரிச் சூத்திரம். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை ‘விழுங்கும்’ பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வந்துவிடும். ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் அது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தச் சூத்திரத்தை வைத்துக் கட்டியதுதான்.

மச்சினன் ஹாலுக்குப் போட்டுப் பார்ப்போம். 15க்கு 12 அடி, உயரம் 10 அடி. சுமார் 51 கன மீட்டர். தரை விட்ரிஃபைடு டைல்ஸ். சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட். கூரை கான்கிரீட். இவை தம்மேல் படும் ஒலியில் 100க்கு 2, 3 பங்குதான் விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மொத்தப் பரப்பு 84 சதுர மீட்டர். அதில் 3 விழுக்காடு என்று வைத்தால் விழுங்கும் பரப்பு 2.5. கணக்குப் போட்டால் 3.3 வினாடி வருகிறது. பெரியம்மா மெச்சிய கணீர் அதுதான். மந்திரம் ஓதினால் நன்றாக இருக்கும். வேகமாகப் பேசுகிற நகைச்சுவைக் காட்சி கூழாகிவிடும். வசனம் புரிய வேண்டுமென்றால் அரை வினாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்கு 2.5 என்பது 16 ஆக வேண்டும்.

மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த துணி, பேச்சொலியில் ஏறக்குறைய பாதியைக் குடித்துவிடும். 12 அடிச் சுவர் ஒன்றில் மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டால் 5.5 சதுர மீட்டர் கிடைக்கும். துணி சோபாவும் அதில் உட்காரும் நாலு பேரும் சேர்ந்து 4. ஒரு பெரிய ஜமுக்காளமோ தரைவிரிப்போ போட்டு, புத்தக அலமாரியைக் கண்ணாடிக் கதவில்லாமல் திறந்து வைத்தால் மீதிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ரெக்சின் சோபா துடைக்கச் சுலபம்தான், ஆனால் ஒலிக்கு அது இன்னொரு சுவர். சிலர் முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டுகிறார்கள். அது மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவே. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒலியை விழுங்குவது வேறு, மறிப்பது வேறு. மறிப்பதற்குக் கனம் வேண்டும்.

துணி வாங்கிய அடுத்த வாரம்தான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டி, “இது 5,000 வாட்ஸ் சார், பி.எம்.பி.ஓ.” என்றார். நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ். சுவரிலிருந்து 60 வாட்ஸ் வாங்கிக்கொண்டு 5,000 வாட்ஸ் தரும் இயந்திரம் உண்மையில் இருந்தால் மின்வாரியத்தையே மூடிவிடலாம். மின்தேக்கிகளில் சேர்த்து வைத்ததை ஒரு கணம் கொட்டலாம் என்பது சரிதான், ஆனால் அந்தக் கணத்தில் வருவது பாட்டு அல்ல, ஒரு ‘டொக்’. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்; அதாவது தொடர்ந்து தாங்கும் சக்தி.

அதையும் அளவுக்கு மீறி மதிக்க வேண்டியதில்லை. நம் காது மடங்குகளில் கேட்கிறது. சக்தியை 2 மடங்காக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்று தோன்றும். ‘2 மடங்கு சத்தம்’ என்று காது ஒத்துக்கொள்ள 10 டெசிபல் வேண்டும், அதற்குச் சக்தி 10 மடங்கு. 50 வாட்ஸ் ஆம்ப்புக்கும் 100 வாட்ஸ் ஆம்ப்புக்கும் விலையில் இருக்கும் தூரம் காதில் இல்லை.

இதைவிட முக்கியமான எண் ஒன்று ஸ்பீக்கர் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும்: உணர்திறன். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று சொல்வது. 88 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடி தள்ளிக் கேட்டாலும் 1 வாட்டிலேயே 80 டெசிபலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாம் பேசிக்கொள்வது 60. படம் ஓடும் நேரத்தில் முக்கால்வாசி, ஆம்ப் 1 வாட்டைக்கூடத் தொடுவதில்லை. வெடி வெடிக்கிற, கதவு அறைகிற ஓரிரு நொடிக்குத்தான் நூறு வாட்ஸ் தேவைப்படுகிறது. 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அந்த நூறும் ஐம்பதாகிவிடும்.

கடையில் கேட்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு செட்டை மாற்றி மாற்றிப் போடும்போது, எது ஒரு டெசிபல் தூக்கலாக ஒலிக்கிறதோ அதுதான் ‘கிளியர்’ என்று தோன்றும். விற்பவருக்கு இது தெரியும். கண்ணும் ஏமாற்றும். ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல், கேட்பவர்களை ஒருமுறை திரைக்குப் பின்னாலிருந்தும் இன்னொருமுறை ஸ்பீக்கரைப் பார்த்தபடியும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. பொடிசாக மலிவாக இருந்ததன் மதிப்பெண் இறங்கியது. ஒலி என்னவோ அதேதான். எனவே மச்சினனைக் கண்ணை மூடச் சொன்னேன். வெடிகுண்டுக் காட்சி வேண்டாம் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தமிழ்ச் செய்தி வாசிப்பைப் போடச் சொன்னேன். மனிதக் குரலைத்தான் நாம் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியிருக்கிறோம். அதில் பிசகினால் உடனே தெரிந்துவிடும். முதல் செட்டில் வாசிப்பவர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. இரண்டாவதில் மூக்கடைப்பு. மூன்றாவதில் ஒரு மனிதர் பேசினார். அது மூன்றிலும் சின்னப் பெட்டி.

அடுத்து எத்தனை ஸ்பீக்கர் என்ற கேள்வி. 5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடு, பின்பக்கமாக இரண்டு, அந்தப் புள்ளி ஒன்று சப்வூஃபர். அதற்கான தனித் தடத்தில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது மட்டும் வருவதால் அதை முழு ஸ்பீக்கராக எண்ணாமல் தசமத்தில் தள்ளிவிட்டார்கள். அட்மாஸ் வேண்டுமென்றால் தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர். ஒரு லட்சத்தை இப்படி ஏழெட்டாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் சுமாராகத்தான் வரும். நான் அவனுக்குச் சொன்னது: முன்னால் மூன்று, ஒரு சப்வூஃபர், இன்னும் ஸ்பீக்கர் சேர்க்க இடமுள்ள ரிசீவர். பின்பக்கத்தை அடுத்த வருஷ போனஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றில் நடு ஸ்பீக்கர்தான் உயிர். 1931இல் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பின்னாளில் தமக்கு மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனாராம். திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்தில் நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டீரியோவில் இடமும் வலமும் ஒரே குரலை ஒரே அளவில் தந்தால், குரல் நடுவிலிருந்து வருவது போலக் காது ஏமாறுகிறது. ஏமாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் வருகிறது. எட்டத்து ஸ்பீக்கரின் ஒலி தலையைச் சுற்றி வருவதால் கால் மில்லி வினாடி பிந்துகிறது. இந்தப் பிந்தலால் 2,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிறது. வல்லின மெய்களின் கூர்மை இருப்பது அந்த வட்டாரத்தில்தான். நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் வைத்தால் இந்தக் குழி இல்லை, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் குரல் வாயிலிருந்தே வரும். அதை டி.வி. அலமாரியின் உள்தட்டில் சொருகி, முன்னால் கொலு பொம்மையை வைத்துவிட்டு ‘வசனம் கேக்கல’ என்று புலம்புகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தட்டின் விளிம்புவரை இழுத்து, லேசாக முகத்தை நோக்கித் தூக்கி வைத்தால் பாதி குறை தீர்ந்தது.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். சோபாவில் காது உயரத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடியில் இருக்கிறது என்று தானே அளந்துகொள்ளும். இது வெறும் பகட்டு இல்லை. ஒலி 1 அடி கடக்க 1 மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. பக்கத்தில் இருப்பது முந்திக்கொள்ளும். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முந்தி வந்த பக்கமே மொத்தமும் இருப்பதாகக் காது முடிவு கட்டிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் இதை அளந்து தம் முனைவர் பட்டத்துக்கு எழுதினார். ரிசீவர் பக்கத்து ஸ்பீக்கரைச் சில மில்லி வினாடி காக்க வைத்துச் சமன் செய்கிறது.

டி.வி.யைப் பற்றி இரண்டே பேச்சு. நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை பிரித்தறியும். 55 இஞ்ச் 4கே டி.வி.யில் ஒரு புள்ளி 0.32 மில்லிமீட்டர், கணக்குப்படி 1.1 மீட்டருக்கு அப்பால் போனால் புள்ளி தனியாகத் தெரியாது. பழைய ஃபுல் எச்.டி.யில் அந்தத் தூரம் 2.2 மீட்டர். அவன் சோபா 3 மீட்டரில். அங்கிருந்து 4கே என்ற எண்ணுக்குக் காசு கொடுப்பதைவிட, கறுப்பைக் கறுப்பாகக் காட்டும் திரைக்குக் கொடுப்பது மேல். புரொஜெக்டர் ஆசை இருந்தால், பகலில் ஜன்னல் வெளிச்சம் படும் வெள்ளைத் திரையைப் பாருங்கள். அந்தச் சாம்பல்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கறுப்பு. கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 மீட்டர் இழுத்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பு 0.12 டெசிபல். வௌவாலுக்கும் தெரியாது.

இனி சப்வூஃபர். அவன் வீட்டில் முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது அதுதான்.

கடைக்காரப் பையன் அதை மூலையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். முதல் பாட்டிலேயே தகராறு. பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் ‘பூம்ம்’ என்று வயிற்றைப் பிடித்து உலுக்கின. நடுவில் சில சுரங்கள் காணவே இல்லை. “பீஸ் டிஃபெக்ட் மாமா, மாத்திடலாம்” என்றான் மச்சினன். பீஸில் குறையில்லை. சென்னை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 348 மீட்டர் போகிறது. 38 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9.1 மீட்டர், அதில் பாதி சரியாக 15 அடி. அந்த அலை எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. வீணைத் தந்தியில் நிற்கும் அலை போலவே அறையில் நிற்கும் அலை. 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ், உயரத்துக்கு 57. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மேலே ஏற ஏற ஒவ்வொரு பொறியாக மிதித்துக்கொண்டு போகிறது. சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருப்பதால் மூலையில் வைத்த சப்வூஃபர் எல்லா அலைகளையும் ஒருசேரக் கிளப்பிவிடும். ஹாலின் நட்டநடுவிலோ அடிப்படை அலைக்குக் கணு. அங்கே உட்கார்ந்தால் அந்தச் சுரம் செத்துப்போகும். ஸ்கிரீன் துணியும் இங்கே உதவாது. 9 மீட்டர் அலைக்கு அரை அங்குலத் துணி கொசுவலை.

ரிசீவரின் மைக் சரிசெய்துவிடாதா? உச்சத்தைக் குறைக்கும். குழியை நிரப்பாது, நேர் அலையைக் கூட்டினால் அதை அழிக்கும் எதிர் அலையும் கூடவே கூடுகிறது.

வழி ஒன்றிருக்கிறது, பார்க்கத்தான் கோமாளித்தனமாக இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை 4 மீட்டருக்கு மேல் நீளம். நம் இரு காதுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. ஆகவே சப்வூஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கே என்று கண்டுபிடிக்க, அதைத் தூக்கி சோபாவில் நாம் உட்காரும் இடத்திலேயே வைத்துப் பாடவிட வேண்டும். பிறகு நாம் தரையில் முழங்கால் போட்டு, காதை சப்வூஃபர் உயரத்தில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகத் தவழ வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர், சோபாவில் நாம். ஒலி இங்கிருந்து அங்கே போகும் விதமும் அங்கிருந்து இங்கே வரும் விதமும் ஒன்றேதான் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலே என்ற இயற்பியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார்கள்.

இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டோம். அவர் பாட்டில் பேஸ் கிட்டார் ஓரிடத்தில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், இந்தச் சோதனைக்கு வசதி. நானும் மச்சினனும் ஆளுக்கொரு சுவரோரம் தவழ்ந்தோம். பெரியம்மா சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னடா தொலைச்சீங்க?” என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். இடப்பக்கச் சுவரில், ஒரு கோடியிலிருந்து நாலடி தள்ளி, எல்லாச் சுரமும் வரிசையாக வந்தன. தலையை ஒரு அடி நகர்த்தினால் ஒன்று விழுந்தது. பென்சிலால் குறி போட்டேன்.

“அண்ணா, அங்கதான் பூஜை அலமாரி வருது” என்றாள் மச்சினன் மனைவி.

ஹெல்ம்ஹோல்ட்ஸை அவளிடம் சொல்லிப் பயனில்லை. இரண்டாவது நல்ல இடம் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. சோபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்ததும் அதுவே போதுமானதாகிவிட்டது.

மறுநாள் ராத்திரி கீழ்வீட்டுக்காரர் மணி அடித்தார். “மாவு மிஷின் ஏதாவது வாங்கியிருக்கீங்களா தம்பி?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். கான்கிரீட் தளம் வசனத்தையும் வயலினையும் மறித்துவிட்டு, அடியில் உறுமுவதை மட்டும் கீழே விட்டிருக்கிறது; அதிர்வெண் பாதியாகக் குறையக் குறைய, சுவர் மறிக்கும் திறன் சுமார் 6 டெசிபல் வீதம் இறங்கும். சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் பாதம் போட்டோம், தரை வழியாகப் போவது கொஞ்சம் மட்டுப்பட்டது. பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவது என்று ஒப்பந்தம். சத்தத்தைக் குறைக்கும்போது காதுக்குத் தாழ்ந்த சுரம்தான் முதலில் மறைகிறது, ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் வரைந்த வளைகோடுகள் சொல்வது அதைத்தான். ராத்திரி மெல்லமாக வைத்துப் பார்ப்பவருக்கு சப்வூஃபர் இருந்தும் பெரிதாகப் பயனில்லை.

சமாதானத்துக்காக அவரை ஞாயிற்றுக்கிழமை மேலே படம் பார்க்கக் கூப்பிட்டான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று மணி நேரமும் வாய் திறக்காமல் பார்த்தார். எழுந்து போகும்போது கூரையைக் காட்டி, “எல்லாம் நல்லா இருக்கு தம்பி, அந்த ஃபேன் சத்தம்தான் தாங்கல” என்றார்.